எம்.எஸ். ப்ளூவில் ஒரு லெகிங்ஸ்

மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து ஜவுளிக்கடைக்குள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாமி நுழைந்தால், கவுன்டர் பையன் முதலில் பார்ப்பது அவர் கையிலிருக்கும் மஞ்சள் பையைத்தான். பை காலியென்றால் சாதாரண வாடிக்கையாளர். பைக்குள்ளிருந்து மடித்த குர்தா ஒன்று வெளியே வந்தால், வந்திருப்பவர் மேட்சிங் மாமி. பையன் டீ கிளாஸை ஓரமாக வைத்துவிடுவான். இனி அது ஆறத்தான் போகிறது.

மாட்டுங்காவில்தான் என்றில்லை, செம்பூரில் தமிழர்கள் இருக்கும் கட்டிடம் ஒவ்வொன்றிலும் ஒருவராவது தேறுவார். குர்தாவை யார் வேண்டுமானாலும் வாங்கித் தரலாம். நாட்டுப்பெண் தரலாம், தீபாவளித் தள்ளுபடி தரலாம். காலுக்குப் போடுவதை மட்டும் மாமி இன்னொருவரை நம்பி விடுவதில்லை.

“பையா, ப்ளூ லெகிங்ஸ் திகாவ்.”

நேவி வருகிறது. ராயல் ப்ளூ வருகிறது. மாமி இரண்டையும் விரலால் தள்ளுகிறார். “யே நஹி. இஸ்கா அக்கா.”

அவர் கேட்பது எம்.எஸ். ப்ளூ. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்துகொடுத்து, பாட்டோடு சேர்ந்து புகழ்பெற்ற நீலம். கையில் இருப்பதோ அம்மாவின் பழைய பட்டுப்புடவையை வெட்டித் தைத்த குர்தா. ஆஜம்கட்டிலிருந்து வந்த பையனுக்கு எம்.எஸ்.ஸும் தெரியாது, முத்துச் செட்டியாரும் தெரியாது. மொழிபெயர்ப்பும் உதவாது. மாமியிடம் இருப்பவை வாடாமல்லி, அரக்கு, மாந்துளிர், மயில்கழுத்து. அவனிடம் இருப்பவை ராணி, ஃபிரோஸி, அபோலி. எல்லை தாண்டி இரண்டு பக்கமும் ஒரே பெயரில் செல்லுபடியாவது ராமர் பச்சை ஒன்றுதான். அங்கே அது ராமா க்ரீன்.

ஒருவழியாக ஒன்று தேறியதும் மாமி அதையும் குர்தாவையும் எடுத்துக்கொண்டு நேரே நடைபாதைக்குப் போய்விடுவார். பையன் பின்னாலேயே ஓடுவான். திருட்டுப் பயமில்லை, பஸ் பயம். டியூப் லைட்டில் அக்கா தங்கையாக இருந்த இரண்டு நீலங்கள் வெயிலில் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. இது மாமியின் பிரமை அல்ல. பட்டில் ஏறிய சாயம் வேறு, பருத்தியில் ஏறிய சாயம் வேறு. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிபவை மறு விளக்கில் பிரிந்து நிற்கும். மெட்டாமெரிசம் என்று அதற்குப் பெயர். இதற்காகவே சாயப்பட்டறைகளில் பல வகை விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் துணியை வைத்துப் பார்க்கிறார்கள். மாமியின் பெட்டி, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதை.

மாமியாருக்கு இந்தத் தொல்லை எதுவும் இருந்ததில்லை. ஒன்பது கஜம் மடிசாரில் காலுக்கு உண்டானதும் அதே துணிதான், அதே நிறம்தான். மேட்சிங் பிறவியிலேயே அமைந்தது. மாமி புடவையிலிருந்து இறங்கியது மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போனபோது. “அங்க குளிர்” என்று காரணம் சொல்லிக் குர்தாவில் ஏறியவர், திரும்பி வந்து மே மாத வெக்கையிலும் அதையே போட்டுக்கொண்டிருக்கிறார். சென்னைத் தங்கை அதைச் சுடிதார் என்பாள், மும்பை பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாபி டிரெஸ் என்பாள். மாமிக்கு வெறும் டிரெஸ்.

நியாயமாகப் பார்த்தால் சுடிதார் என்பது கீழே போடுவதற்கு மட்டுமே உரிய பெயர். சூடி என்றால் இந்தியில் வளையல். காலைவிட நீளமாகத் தைத்து, மிச்சத்தைக் கணுக்காலில் வளையல் அடுக்குபோல் சுருக்கி விடுவது. துணியை மூலைவாட்டில் வெட்டினால்தான் அது காலோடு ஒட்டி வளையும். தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருக்கும் திருநெல்வேலித் தையற்காரர் இதில் கெட்டிக்காரர். ஆனால் மாமியிடம் பேரம் பேசித் தோற்றவர்.

“கிராஸ்ல வெட்டினா துணி கூடப் பிடிக்கும் மாமி. சுருக்கு நாலு போதும்லா?”

“ஆறு வைடா. நாலு வச்சா பேண்ட் மாதிரி இருக்கும்.”

லெகிங்ஸ் வந்தபின் துணி மிச்சம், தையற்காரருக்கு நஷ்டம். பருத்தியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு ஸ்பாண்டெக்ஸ் கலந்தாலே போதும், காலின் வடிவத்துக்குத் துணி தானே இணங்கிவிடுகிறது. டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் அந்த இழையைக் கண்டுபிடித்தது 1958இல். மாமி பிறந்ததும் அதே வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் இழுத்த இழுப்புக்கு வருவார்கள்; விட்ட மறுகணம் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள்.

கோயில் யாத்திரைக்குத் தனிக் கணக்கு. குருவாயூரில் 2007இல் சுடிதாருக்கு அனுமதி கிடைத்தது, அங்கே கவலையில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 2016இல் அனுமதி வந்த வேகத்திலேயே நீதிமன்றம் மூலம் போனது. ஆகவே பெட்டியில் ஒரு வேஷ்டி எப்போதும் இருக்கும், சுடிதாருக்கு மேல் சுற்றிக்கொள்ள. அதற்கும் கரை மேட்சாக வேண்டும்.

ஜூன் பிறந்ததும் வெள்ளை எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். காந்தி மார்க்கெட்டில் முழங்கால் மழைத்தண்ணீரில் பலாஸோவோடு நடந்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

மாமி தோற்கும் இடம் சாக்ஸ். ஃபைவ் கார்டன்ஸ் நடைக்குக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ், ‘ஸ்கின் கலர்’ என்ற பெயரில். அது யாருடைய தோல் என்று மாமி கேட்காத கடையில்லை. தம் தோலில்லை, பேத்தியின் தோலில்லை, விற்கிறவனுடையதும் இல்லை. போதாக்குறைக்கு மெட்டி. கட்டைவிரலுக்கு வழிவிட்ட புண்ணியவான் அடுத்த விரலில் வெள்ளி இருக்கும் என்று நினைக்கவில்லை. மூன்றாம் நாள் நைலானில் இழை ஒன்று கிளம்பும், ஐந்தாம் நாள் ஓட்டை வழியாக மெட்டி எட்டிப் பார்க்கும்.

நீலம் கடைசியில் தாதர் ஹிந்த்மாதா பக்கம், மூன்றாவது கடையில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில் கிடைத்தது. மறுநாள் சாயங்காலமே சண்முகானந்தா ஹாலில் கச்சேரி. மாமி உட்கார்ந்ததும் குர்தாவை நீவிவிட்டு, கால் தெரியும்படி கொஞ்சம் தள்ளி அமர்ந்தார். விளக்கு தணிந்தது. வர்ணம் முடிந்ததும் பக்கத்து நாற்காலி மாமி குனிந்து பார்த்தார்.

“குர்தா அழகு. கருப்பு லெகிங்ஸ் இதுக்கு நன்னா எடுப்பா இருக்கு மாமி.”

இடைவேளையில் கேன்டீனுக்குப் போகும் வழியெல்லாம் மாமி வாய் திறக்கவில்லை. போண்டா வந்ததும், அதைத் தொடாமல் அந்த மாமியின் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு ஆத்துக்கு வாங்கோ. பால்கனியில காட்டறேன்.”