மூன்று முறை அழைத்தவன்

கலியாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று இரவு நம் வீடுகளில் நடக்கும் மந்திராலோசனைக்கு நிகரான ராஜரீகக் காரியம் எந்தச் சாம்ராஜ்யத்திலும் நடந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு கூடத்தின் நடுவே இருக்க, பெரியவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, யார் யாருக்குத் தம்பதி சமேதராய் நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுப்பது, யார் யாருக்குப் பையன்களிடம் கொடுத்தனுப்புவது, யார் யாருக்குத் தபாலில் போடுவது, யார் யாருக்குத் தபாலில் போட்டதாகச் சொல்லிக்கொள்வது என்று நான்கு வகுப்பாகப் பிரித்து முடிப்பதற்குள் நள்ளிரவாகிவிடும். அழைக்கும் சாமர்த்தியத்தில் பாதி, யாரை எப்படி அழைக்காமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது. இந்தக் கலையை என் தகப்பனாரிடம் பாலபாடம் தொடங்கி ஐம்பது வருஷம் அப்பியாசம் செய்து தேர்ந்த என்னை, 2010-ஆம் வருஷம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒரு சமூக வலைத்தளம் பத்து நிமிஷத்துக்குள் முட்டாளாக்கியது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் ஓர் அழைப்பாக எண்ணி யாராவது போய்ச் சேர்ந்துவிடக் கூடும்.

அப்போது எனக்குக் கூட்டுறவுத் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வுபெற எட்டு மாதங்கள் பாக்கி. முப்பத்து நான்கு வருஷகாலம் பிறர் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதங்களைக் கண்டுபிடிப்பதே என் ஜீவனோபாயமாக இருந்தது. அப்படிப்பட்ட எனக்கு, சென்னையில் வேலை பார்க்கும் அக்காள் மகனிடமிருந்து, அவன் சில புகைப்படங்களை எனக்குக் காட்ட ஆவலாய் இருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அவனுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. குழந்தையைப் பார்க்கும் ஆசையில் உள்ளே நுழைந்தேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன்; பிறந்த தேதியைக் கேட்டார்கள், சொன்னேன்; பிறகு, என் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருவதாகவும் அதற்கு என் மின்னஞ்சலின் கடவுச்சொல் வேண்டுமென்றும் மிக விநயமாகக் கேட்டார்கள். தபால் கொண்டுவருகிற ஆள் பீரோச் சாவியைக் கேட்டால் கொடுப்போமா? நான் கொடுத்தேன்.

கொடுத்தவுடன் திரையில் ஒரு நீளமான பட்டியல் தோன்றியது. முந்நூற்றுப் பன்னிரண்டு விலாசங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, சங்கத்துக் கணக்கில் நான் பச்சை மையால் போடுவதுபோல, ஒரு சரி என்ற குறி முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தான், மேலே தொடர்க என்றது. அதற்குப் பக்கத்தில், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக விரும்புகிறவர்களுக்கான வழி, சீட்டுக் கம்பெனி விளம்பரத்தின் அடியில் நிபந்தனைகள் இருக்குமே, அந்த அளவில், அந்தச் சாம்பல் நிறத்தில் இருந்தது. மேலே தொடர்ந்தால் குழந்தை தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. புகைப்படமே கிடையாது என்பதும், அக்காள் மகனும் என்னைப் போலவே யாரோ ஒருவனுடைய புகைப்படத்தைப் பார்க்கப் போய் அகப்பட்டவன்தான் என்பதும் பிற்பாடு தெரிந்த சங்கதிகள்.

இங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அத்தனை சிநேகிதர்கள் இல்லை. இருந்திருந்தால் கட்டுரை எழுத நேரம் ஏது? நாம் எப்போதோ ஒரு தரம் மறுமொழி எழுதிய விலாசத்தையெல்லாம் நம்மைக் கேளாமலே குறித்துவைத்துக்கொள்ளும் உபகார குணம் சில மின்னஞ்சல் சேவைகளுக்கு உண்டு. ஆகவே அந்தப் பட்டியலில் சிநேகிதர், சத்துரு, அறிமுகமானவர், அறிமுகமாக வேண்டாம் என்று நான் தெரு மாறிப் போகிறவர் ஆகிய எல்லோரும் அகராதி வரிசையில் சமத்துவமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் அன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு நான் நட்புக்கரம் நீட்டினேன்.

முதல் அழைப்பு எனக்கே வந்தது. அலுவலக விலாசத்திலிருந்து சொந்த விலாசத்துக்கு எப்போதோ ஏதோ அனுப்பியிருந்தேன் போலும். அந்தப் பாவத்துக்காக, இன்னார் உங்களோடு நட்புக்கொள்ள விரும்புகிறார், அவரை உங்களுக்குத் தெரியுமா என்று என்னைப் பற்றி என்னிடமே விசாரித்தார்கள். வேதாந்திகள் ஆயுள் முழுதும் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு வேளாண்மைக் கடன் சங்கத்தின் செயலாளர் வாசலில் நின்றார். உரக் கிடங்கில் நாற்பது மூட்டை யூரியா இருப்புக் குறைவு என்று அவர்மேல் நான் தணிக்கைத் தடை எழுதி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பையன், தோளில் பூவன் தாரோடு. "ஐயா, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதலாமுங்களா?" என்று அவர் மெதுவான குரலில் ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் இன்னும் மெதுவாக, "நட்புன்னா... எவ்வளவுங்க?" என்றார். உத்தியோக வாழ்க்கையில் ஒரு பைசா வாங்காதவன் என்ற பெயரை முப்பத்து நான்கு வருஷம் கட்டிக் காத்து, கடைசி எட்டு மாதத்தில் எழுத்து மூலமாக லஞ்சம் கேட்டவனாக நின்றேன். வாழைத்தாரைத் திருப்பி அனுப்புவதற்குள் தெருவில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள்.

அன்று மாலை திருச்சியிலிருந்து ஒரு தொலைபேசி. என் இளைய மகளுக்கு அந்த இடத்தில் ஜாதகம் பார்த்து, பையனுடைய சம்பளம் பொருந்தாததால் ஜாதகம் பொருந்தவில்லை என்று மரியாதையாக எழுதி முடித்து ஒரு வருஷமாகியிருந்தது. "பெரியவங்க மனசு மாறுனதுல எங்களுக்குச் சந்தோஷந்தான்" என்றார் பையனின் தகப்பனார். மறுநாள், என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவரின் கணவர், அவரும் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, எந்த விதமான நட்பு என்பதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்பினார். அதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. என் அழைப்பை முறைப்படி ஏற்று நடந்துகொண்டது ஒரு வங்கியின் புகார்ப் பிரிவு ஒன்றுதான். தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, ஏழு வேலை நாட்களில் தீர்வு காணப்படும் என்று ஓர் எண்ணும் கொடுத்து உடனே பதில் எழுதியது. எட்டாம் நாள், தங்கள் குறை நிவர்த்தி செய்யப்பட்டது என்றும் எழுதிற்று.

இந்தக் கஷ்டத்தில் நான் தனியாள் இல்லை என்பது சற்று ஆறுதல். அமெரிக்காவில் டேக்ட் என்ற தளத்தைப் பற்றி, அது உலகத்திலேயே மிகவும் எரிச்சலூட்டுவது என்று 2009-இல் டைம் பத்திரிகை கட்டுரைத் தலைப்பே கொடுத்து எழுதியது. இல்லாத புகைப்படங்களை இருப்பதாகச் சொல்லி, உறுப்பினர் பெயரால் கோடிக்கணக்கான கடிதங்களை அனுப்பியதாக அதன்மேல் நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ நடவடிக்கை எடுக்க, அவ்வருஷமே அந்த ஸ்தாபனம் நியூயார்க்குக்கு ஐந்து லட்சம் டாலர் கட்டிச் சமாதானம் செய்துகொண்டது. ஜெர்மனியில், நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், ஃபேஸ்புக் நண்பர்களைத் தேடித் தருகிறேன் என்று உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அனுப்பிய அழைப்புகள் உபத்திரவமான விளம்பரமே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஃபேஸ்புக், புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினைந்து லட்சம் பேருடைய மின்னஞ்சல் தொடர்புகளைத் தன்னிடம் ஏற்றிக்கொண்டுவிட்டதாகவும், அது உத்தேசமின்றி நடந்ததாகவும் 2019-இல் ஒப்புக்கொண்டது. 2016 மே தொடங்கி ஏறக்குறைய மூன்று வருஷம் உத்தேசமில்லாமல் ஒரு காரியத்தை விடாமல் செய்யும் வைராக்கியம், உத்தேசத்தோடு தினமும் காலையில் நடக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு இல்லை.

இதற்கெல்லாம் வித்து நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் பங்குள்ள காரியத்தில் விழுந்தது என்று சொன்னால் பொய்யாகாது. 1996-இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கியபோது, அதிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், நீங்களும் இலவசமாக ஒரு விலாசம் பெறலாம் என்று ஒற்றை வரி ஒட்டிக்கொண்டு போயிற்று. அந்த வரியின் மகிமையால் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்து, 1997 முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட் அதைப் பெரிய விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் அதில் ஒரு தர்மம் இருந்தது. கடிதம் நான் எழுதினது. அடியில் ஒரு வரி அவர்களுடையது. பின்னால் வந்தவர்கள், கடிதம் முழுவதையும் தாமே எழுதி, என் பெயரை மாத்திரம் அடியில் வைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்குச் சட்ட பயம் வேறு பிடித்துக்கொண்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்ற பிரிவு, தொந்தரவோ அசௌகரியமோ விளைவிக்கும் நோக்கத்தோடு மின்னஞ்சல் அனுப்புகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அமலுக்கு வந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், தலைக்கு மூன்று வருஷம் என்று தணிக்கையாளனுக்கே உரிய பழக்கத்தால் பெருக்கிப் பார்த்ததில் தொள்ளாயிரத்து முப்பத்தாறு வருஷம் வந்தது. ஓய்வூதியம் பாதிக்கப்படுமா என்று வக்கீல் சிநேகிதரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தமக்கும் அழைப்பு வந்ததாகச் சொன்னார். அந்தப் பிரிவை 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அடித்துவிட்டது. அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் கொஞ்சம் மிகை; அதிகமில்லை.

இதற்குள் அந்தத் தளம் சும்மா இருக்கவில்லை. பதில் சொல்லாதவர்களுக்கெல்லாம், உங்கள் பதிலுக்காக இன்னார் காத்திருக்கிறார் என்று ஒரு வாரம் கழித்து ஒரு ஞாபகக் கடிதமும், இன்னும் காத்திருக்கிறார் என்று மறு வாரம் மற்றொன்றும் போயின. இந்த ஞாபகக் கடித விஷயம் லிங்க்டின் ஸ்தாபனத்துக்கு எதிரான வழக்கு ஒன்றில் கலிபோர்னியாவில் விரிவாக ஆராயப்பட்டது. முதல் அழைப்புக்கு உறுப்பினர் சம்மதித்ததாகக் கொள்ளலாம், ஆனால் அடுத்தடுத்துப் போன இரண்டு நினைவூட்டல்களுக்குச் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது என்ற கருத்தில் நீதிபதி லூசி கோ வழக்கைத் தொடர அனுமதிக்க, 2015-இல் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு ராஜி ஆயிற்று. அந்த ஊர் நியாயம் அது. ஒரு முறை அழைப்பது மரியாதை, மறுமுறை அழைப்பது உபத்திரவம். நம் ஊர் நியாயம் அப்படியே தலைகீழ். ஒரு முறை மாத்திரம் அழைத்தால், "பேருக்கு ஒரு வார்த்தை சொன்னான்" என்று அர்த்தம்.

மன்னார்குடியில் இருக்கும் பெரியப்பா மகன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். கொல்லை வேலி விஷயமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம். 2007 ஆவணியில் என் மூத்த மகள் கலியாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை மூன்றாம் வகுப்பில், அதாவது தபாலில் போயிற்று, அவர் வரவில்லை. அதற்கு மறு வருஷம் வேலியின் புலப்படத்தை அவர் மகன் ஏற்படுத்திக் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு, ஒரு வார்த்தைகூட எழுதாமல், படத்தை மாத்திரம் அனுப்பியிருந்தேன். அந்த விலாசம் பட்டியலில் ஏறிக்கொண்டது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவர் மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறி வந்தார். கையில் ஆறு சாத்துக்குடி. திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி, உம் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரே ஒரு தபால் போட்டே. வரக் கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன். இப்ப மூணு தரம் கூப்பிட்டிருக்கே. காத்துக்கிட்டிருக்கேன்னு வேற எழுதியிருக்கே. இதுக்கு மேலயும் வரலைன்னா நான் பெரிய மனுஷன் இல்லே" என்றார். நான் உண்மையைச் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் காபியோடு வந்து நின்ற என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். நான் திறந்த வாயால், சர்க்கரை போதுமா அண்ணே என்று கேட்டேன்.

வேலியைப் பற்றி அன்று பேசவில்லை; பேசியிருந்தால் அவர் சாத்துக்குடியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். புறப்படும்போது சட்டைப் பையிலிருந்து 501 ரூபாயை எடுத்து, மூத்த பெண்ணுக்கு என்று சொல்லி என் மனைவியின் கையில் கொடுத்தார். அதை அவள் 2007-ஆம் வருஷத்து மொய் நோட்டில், கடைசிப் பெயருக்குக் கீழே, அந்தக் கலியாணத் தேதியிலேயே வரவு வைத்தாள். தணிக்கையாளன் என்ற முறையில் நான் ஆட்சேபணை எழுதவில்லை.