கைபடாத சக்கரம்

இண்டூர்ப் பக்கத்துக் கல்யாணப் படக்காரர்களே, உங்கள் இளகிய மனம் யாருக்கு வரும்! வியூஃபைண்டரின் ஓரத்தில், பார்ப்பவர் கண்ணின் பவருக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள, கூட்டல் கழித்தல் குறிகளோடு ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. கேமரா கைக்கு வந்த நாள் முதல் அதை ஒருமுறையாவது திருப்பி நோகடித்திருப்பீர்களா? தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், போரில் படாமல் மெருகு குலையாதிருந்த அவன் வேல்களைப் புகழ்ந்தாரே, அந்தப் புகழுக்கு நம் மண்ணில் இன்று உரியவர்கள் நீங்கள்தான்.

மரியாதையிலும் குறைவில்லை. மைனஸ் 2 பவர் உள்ள அண்ணன், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிய சக்கரம் அது. பவரே இல்லாத தம்பி கேமராவை வாங்கி அப்படியே கண்ணில் வைக்கிறார். மூத்தவர் வைத்ததை மாற்றலாமா?

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவரின் நடுநிலை இன்னும் பெரிது. உள்ளே மங்கலாகத் தெரிந்தால் முதலில் லென்ஸைத் துடைப்பார்; அடுத்து மண்டபத்து விளக்கைக் குறை சொல்வார்; கடைசியில் லென்ஸை சர்வீசுக்கு அனுப்புவார். தன் கண்ணை மட்டும் சந்தேகிக்கவே மாட்டார்.

ஆட்டோஃபோகஸ் மீதுள்ள நம்பிக்கையோ பக்திக்குச் சமம். சக்கரம் எங்கே நின்றாலும் அது தன் வேலையைச் செய்யும், படமும் மாறாது. ஆகவே கூர்மை விழுந்தது மணப்பெண்ணின் முகத்திலா, பின்னால் எரியும் குத்துவிளக்கிலா என்று பார்க்கும் பொறுப்பையும் அதனிடமே விட்டுவிட்டீர்கள். தாலி ஏறும் நொடி திரும்பி வராது என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தும் நம்புகிறீர்களே, அதுதான் பெருமை.

கேனான் 1500டியின் சக்கரம் மைனஸ் 2.5 முதல் பிளஸ் 0.5 பவர் வரை இடம் கொடுக்கிறது. சோனி ஆல்ஃபா 7 மார்க் 3 மைனஸ் 4 முதல் பிளஸ் 3 வரை கொடுக்கிறது. தானாக வந்த கொடை என்பதற்காகக் கைநீட்டிவிடாத தன்மானம் உங்களுடையது.

இந்தப் புகழை இழக்கத் துணிந்தவருக்கு வழி எளிது. கண்ணாடி போட்டுப் படம் எடுப்பவர் போட்டபடியே இருக்கட்டும்; சிதறல் பார்வை உள்ளவருக்குக் கண்ணாடி அவசியம், சக்கரம் அதைத் திருத்தாது. கேமராவை வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். காட்சியை விட்டுவிட்டு, உள்ளே தெரியும் எண்களைப் பாருங்கள். அவை பளிச்சென்று தெரியும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். கேமரா கைமாறும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்.

உங்கள் புகழ் குறையும். ஆல்பத்தில் மணமக்கள் முகம் தெளியும்.