இலேசான கூடு

கேள்வி: வீட்டிலேயே கட்டிய காருக்கு ஃபைபர் ஹெட்லைட் கூடு போட்டால் எல்கடுவ மலைவீதியில் தாங்குமா?

பதில்: கூடு தாங்கும், விளக்கு எரியுமா என்பதே முதல் கேள்வி. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. பழைய கார்களில் இரும்பு பாடியே எர்த். இங்கே தனி எர்த் வயரைச் சேசிஸ் வரை இழுக்க வேண்டும். 1957இல் வந்த லோட்டஸ் செவனை உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டியவர்களுக்கு இந்த வயரிங் வேலை பழகிய தலைவலி. 60 வாட் பல்ப் போதும்; 100 வாட் போட்டால் கூடே இளகலாம். மலைப் பனிமூட்டத்துக்குக் கூட்டின் அடியில் சிறு துளை அவசியம், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துவிடும். கண்ணாடி இடப்பக்கப் போக்குவரத்துக்கு உரியதா என்றும் பார்க்க வேண்டும். வலப்பக்கப் போக்குவரத்துக்குரிய ஐரோப்பியக் கண்ணாடி வலப்பக்கம் வெளிச்சத்தைத் தூக்கும். எதிரே வரும் பஸ் சாரதி மீதி விளக்கத்தை ஹாரனில் சொல்வார்.