பெட்டியதிகாரம்

எழுத்து, சொல், பொருள் மூன்றுக்கும் அதிகாரம் வகுத்த முன்னோர் பெட்டிக்கு வகுக்காமல் விட்டது பெருங்குறை. அவர்கள் காலத்தில் வேர்ட் இல்லையே என்று சிலர் சமாதானம் சொல்வர், ஏற்பதற்கில்லை.

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், வேர்டில் செய்த படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் கர்சர் நுழைந்த கணத்தில் முகத்துக்கு நேரே குதித்து, 'இங்கே இதை நிரப்பவும்' என்று பணிக்கும் பாப்-அப் பெட்டியின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதை யாரும் படிப்பதில்லை.

பெட்டி பிறக்குமாறு கூறுதும். படிவக் கட்டத்தை இரண்டு முறை கிளிக் செய்தால் அதன் பண்புகள் திறக்கும். மேக்ரோ என்னும் சிறுநிரல் ஓட அங்கே இரண்டு வாசல்கள்: நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. நுழைவாசலில் ஒற்றை வரி 'மெசேஜ் பாக்ஸ்' மேக்ரோவை நிறுத்தி, 'நிரப்ப மட்டும் அனுமதி' என்று ஆவணத்தைப் பூட்டினால் பெட்டி எழும், பூட்டாவிட்டால் எழாது. பூட்டைச் சார்ந்தே பிறப்பதால் இதைச் சார்பெழுத்தோடு வைத்து எண்ணலாம். திணை கைக்கிளை. பெட்டி மட்டுமே பேசும். எதிரில் இருப்பவர் 'ஓகே' என்பதோடு சரி.

இக்குலத்தின் மூத்தவர் ஆஃபிஸ் 97-இல் தோன்றிய, கண் முளைத்த காகித கிளிப். கேளாமலே உதவ வந்த அவருக்கு 2007 பதிப்போடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

மேக்ரோ எதற்கு, கட்டத்தின் பண்புகளிலேயே உதவிக்குறிப்பு எழுதலாமே, கீழ்ப்பட்டையில் 138 எழுத்தும் எஃப்1 அழுத்தினால் 255 எழுத்தும் காட்டலாமே என்பாரும் உளர். பொருந்தாது. எஃப்1 அழுத்தத் தெரிந்தவருக்குப் படிவம் நிரப்பவும் தெரியும். தவிர, நாம் மூன்றெழுத்து என்று எண்ணும் 'பெயர்' கணினிக்கு ஐந்து. கொம்பும் புள்ளியும் தனித்தனியே தலை எண்ணப்படுவதால் 138 நமக்கு 80-90க்குச் சுருங்கிவிடும்.

இனி எடுத்துக்காட்டு. முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பம் செய்து தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அங்கே தீராத வழக்கு இனிஷியல். பாதிப்பேர் முன்னால் போடுவார்கள், பாதிப்பேர் பின்னால். சம்பளப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். 'பெயருக்குப் பின்னால் இனிஷியல் போடவும்' என்று பெட்டிக்குள் எழுதிப் படிவத்தைத் திறந்தேன். பெட்டி எழுந்தது. உள்ளே வெறும் கேள்விக்குறிகள், வரிசையாக. மேக்ரோ எழுதும் பலகைக்கு யூனிகோடு தெரியாது. தமிழுக்கென்று பழைய ஆன்சி குறியீட்டுப் பக்கமும் கிடையாது. 'அ'வுக்கு 2949 என்று ஒவ்வொரு எழுத்தையும் எண்ணால் ஊட்டிப் பார்த்தேன். பலகை விழுங்கிக்கொண்டது, பெட்டி மறுபடியும் கேள்விக்குறிகளையே துப்பியது. கடைசியில் யூசர்ஃபார்ம் என்ற தனிச் சாளரம் வரைந்து அதில் லேபிள் ஒட்டியபிறகுதான் தமிழ் தெரிந்தது. இதற்கு இரண்டு நாள். இரண்டு நாளும் விடுப்பு எடுத்தவர்கள் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் நிரப்ப உட்கார்ந்தவர் கணக்குப் பிரிவு அக்கா. நான் பின்னால் நின்று கவனித்தேன், கள ஆய்வு. அக்காவின் கண் விசைப்பலகையை விட்டு நகரவில்லை. டேப் தட்டினார், பெட்டி எழுந்தது, சுண்டுவிரல் அதே வேகத்தில் எண்டரையும் தட்டியது. பெட்டி திரையில் உயிர்வாழ்ந்தது ஒரு கண்ணிமைப்புக்கும் குறைவு. தேதியைத் திருத்தப் பின்னால் போய்த் திரும்பினார். நுழைவு மேக்ரோ ஒவ்வொரு நுழைவுக்கும் ஓடுவதாகையால் பெட்டி மறுபடி எழுந்தது, மறுபடி எண்டர். நான்காம் முறை நிமிர்ந்து, "தம்பி, என்னமோ வந்து வந்து போவுது, என்னன்னு பாரு" என்றார். பிறகு, "ஆமா, இதுல இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?"

கட்டம் காலியாக இருந்தால் மட்டும் பெட்டி எழுமாறு மேக்ரோவைத் திருத்தி, படிவத்தைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே அது அறவே எழவில்லை. 1999-இல் மெலிசா வைரஸ் வேர்ட் மேக்ரோவில் ஏறி மின்னஞ்சல் வழியே பரவியதிலிருந்து மேக்ரோ என்றாலே எல்லோருக்கும் சந்தேகம். வேர்ட் 2007 முதல், சாதாரண டாக்எக்ஸ் கோப்பில் மேக்ரோ தங்காது, டாக்எம் வேண்டும். கிளையில் யாரோ பூட்டைத் திறந்து டாக்எக்ஸாகச் சேமித்திருந்தார்கள்; என் இரண்டு நாள் உழைப்பு அங்கேயே உதிர்ந்தது.

மாதக் கடைசியில் அந்தக் கிளையிலிருந்து பதினொரு விண்ணப்பங்கள் வந்தன. பதினொன்றிலும் இனிஷியல் பின்னால்தான் இருந்தது. பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் யாரோ அடைப்புக்குறிக்குள் தட்டச்சு செய்திருந்தார்கள்: (எ.கா. முருகன் ச.)