வாஷ்பேசின் மேடைக் கல் தேர்வு: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பாத்ரூமைப் புதுப்பிக்கும் குடும்பம் டைல்ஸ் நிறத்தைப் பத்து நிமிஷத்தில் முடிவு செய்துவிடும். வாஷ்பேசினைத் தாங்கும் கல்லுக்குத்தான் நாள் பிடிக்கும். எட்டுச் சதுர அடிக்கு ஏன் இத்தனை விவாதம் என்பதை அறிவுலகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டவை 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து, 2001இல் இரண்டாகி, மறு ஆண்டே ஒன்றாகி, 2007இல் மறுபடி இரண்டான மாவட்டங்கள். கல்லை எங்கே வெட்டுவது என்று மாற்றி மாற்றிச் சொல்லும் வீட்டுக்காரரைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான களம் கிடையாது.

முதல் கருதுகோள் எளியது: கல் விளையும் ஊர்க்காரர் உள்ளூர்க் கல்லைத்தான் போடுவார். அதற்கு இங்கே குறைவே இல்லை. மேற்கே பச்சைமலைப் பக்கம் பழம்பாறை. ஜல்லி குவாரியும் கிரஷருமாகத் தூசி பறக்கும். கிழக்கே அரியலூர்ப் பக்கம் ஒருகாலத்தில் கடல் கிடந்த இடம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு 1860களில் இப்பக்கத்துக் கடற்படிவப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று குழுக்களாக வகுத்தார். கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்தச் சிப்பிகளை அரைத்துச் சுட்டுத்தான் சிமெண்ட் ஆகிறது. அரசு சிமெண்ட் ஆலை 1979இல் வந்தது. தனியார் ஆலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன.

சுண்ணாம்புக் கல்லுக்குப் பளபளப்பு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆலத்தூர் வட்டத்துக் கருடமங்கலத்தில் கிடைக்கும் சிப்பிக் கல், மெருகேற்றினால் ஓடு ஓடாக வளைவுகள் தெரிய மின்னும். ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்ற பெயரில் வெள்ளைக்காரர் காலத்திலேயே அலங்காரக் கல்லாகப் பெயர் வாங்கியது அது. அப்படியிருக்க, அரியலூர் வீடுகளின் பாத்ரூமில் அதைக் காணோமே, ஏன்?

விடை ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைக்கிறது. பாறையில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கப் புவியியலாளர் அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுவார், நுரைத்தால் சுண்ணாம்பு. குழாயடியில் படிந்த உப்புக் கறையைப் போக்க வீட்டம்மாள் ஊற்றும் ஆசிட்டும் அதே அமிலம்தான். கறையும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், கல்லும் கால்சியம் கார்பனேட். எது அழுக்கு, எது சொத்து என்று ஆசிட்டுக்குத் தெரியாது. கறையோடு மெருகும் போய், தொட்டால் சொரசொரக்கும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். எலுமிச்சம்பழமும் இதையே கொஞ்சம் நிதானமாகச் செய்யும். கறுப்பாக இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது என்று கடப்பா கல்லைப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். அதுவும் சுண்ணாம்புக் கல். ராஜஸ்தானத்துக் கோட்டா கல்லும் அந்தச் சாதியே.

மரப்பலகை போடலாமே என்பது மாற்றுத் தரப்பு. ஈரத்தில் பிளைவுட் ஊதும். ஈரத்துக்கு அசையாத மரம் இவ்வட்டாரத்தில் உண்டு: சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அந்த மரம் சுமார் 12 கோடி ஆண்டு பழையது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்பதால் சதுர அடிக் கணக்கில் அறுத்துத் தரமாட்டார்கள்.

ஆகவே கிரானைட். மோஸ் அளவுகோலில் கால்சைட்டின் கடினம் 3. கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. வீட்டு ஆசிட் அதை எளிதில் அசைக்காது. கடையில் சாய்த்து வைத்திருக்கும் ஸ்லாப்புகளின் ஊர்ப் பெயரை மட்டும் நம்பக் கூடாது. காஷ்மீர் ஒயிட் வருவது மதுரைப் பக்கத்திலிருந்து. குன்னம் பிளாக் என்றதும் தம் மாவட்டத்துக் குன்னம் என்று பெரம்பலூர்க்காரர் நிமிர்ந்து உட்கார்வார். அந்தக் குன்னம் விழுப்புரம் மாவட்டத்தது. வெளியூர்க் கல் என்பதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. பக்கத்தில் பாறையே இல்லாத சமவெளியில், பதினொன்றாம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை ராஜேந்திர சோழன் எழுப்பியதும் வெளியிலிருந்து வந்த கருங்கல்லில்தான். மேலே வெளியூர்க் கிரானைட், அதைப் பிடித்து நிறுத்தும் கலவையில் உள்ளூர்ச் சிப்பி என்பதே இந்த ஆய்வு கண்ட அடுக்குமுறை.

இனி அளவு. எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒரே காட்சி. கொத்தனார் டேப்பை இரு சுவருக்கும் நடுவே நீட்டுகிறார், முகம் சுளிக்கிறார்.

“சார், செவுரு கோணையா இருக்கு. பின்னாடி நாலடி. முன்னாடி முக்கா இஞ்சு கம்மி.”

“இந்தச் செவுரக் கட்டுனதே நீங்கதானே கொத்தனாரே?”

“கட்டுனது நான்தான் சார். பூச்சு வேற ஆளு.”

பூசிய ஆள் எப்போதும் திருப்பூரில்தான் இருக்கிறார். தப்பிக்க ஒரே வழி, அட்டையை அந்த இடத்திலேயே வைத்து வெட்டி, அந்த அட்டையைப் பட்டறைக்கு அனுப்புவது. டேப் அளவை மட்டும் போனில் சொல்லி அனுப்பினால் கல் நேராக வரும். சுவர் கோணலாகவே காத்திருக்கும்.

எடையைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. 18 மில்லிமீட்டர் கனத்தில் சதுர அடிக்கு நாலரைக் கிலோ வரும். நாலுக்கு இரண்டடிக் கல் 36 கிலோ. பேசினுக்கு ஓட்டை போட்டதும் எடை குறையும், ஆனால் ஓட்டைக்கு முன்னால் மூன்று விரல் அகலத்துக்கு நிற்கும் பட்டைதான் உயிர்நிலை. படுக்கவைத்துத் தூக்கினால் அங்கேதான் விரியும். கண்ணாடி போல நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். பதிக்கும்போது முன்பக்கம் நூலளவு வாட்டம் வேண்டுமென்று ஒரு கட்சி. ரசமட்டக் குமிழி நடுவில் நிற்க வேண்டுமென்று ஒரு கட்சி. வாட்டக் கட்சி வென்ற வீடுகளில் பல் தேய்ப்பவரின் லுங்கி நனைகிறது.

உயரத்தில்தான் பெரும்பிழை நேர்கிறது. பேசின் விளிம்பு தரையிலிருந்து 32 முதல் 34 அங்குலத்தில் இருந்தால் பெரியவர்களுக்கு வசதி. கல்லுக்கு மேல் உட்காரும் டேபிள் டாப் பேசின் தானே ஐந்தாறு அங்குலம் நிற்கும் என்பதால் மேடையை அந்த அளவுக்கு இறக்கியாக வேண்டும். சாமர்த்தியசாலிகள் இறக்கியும் விடுகிறார்கள். கல் பதிந்து, சிலிக்கான் காய்ந்து, குழாயைப் பொருத்த பிளம்பர் வந்த பிறகே குழாய் குட்டை என்பது தெரிகிறது; அதன் மூக்கு பேசின் விளிம்புக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கிறது. உயரக் குழாயாக மாற்றித் தரக் கடைக்காரர் சம்மதிப்பார். வித்தியாசப் பணமும், கிழியாத அட்டைப்பெட்டியும், பில்லும் வேண்டும். பில் பெரும்பாலும் மேடை அளவெடுக்க வெட்டிய அட்டையோடு பட்டறைக்குப் போயிருக்கும்.