ஊறுதுங்க மேடம்

சென்னையில் யாரும் உட்காருவதற்காக சோபா வாங்குவதில்லை. இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, இஸ்திரியிலிருந்து வந்த துணி, பையனின் ஸ்கூல் பை, பிரிக்காத கூரியர் பெட்டி, இவையெல்லாம் போக மிச்சம் இருந்தால் மனிதர்கள் உட்காரலாம். எங்கள் கோட்டூர்புரம் வீட்டில் அந்த மிச்ச இடத்தில் உட்கார்ந்துதான் அப்பா டிவி பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுவார். ஆகவே எங்கள் சோபாவின் வரலாறு பெரும்பாலும் சாம்பாரின் வரலாறு.

அதைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடலாம் என்று முடிவானதும் முதலில் கிளம்பியது கணக்குப் பிரச்சினை. இந்தத் தொழிலில் சீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எல் வடிவ சோபாவின் மூலை ஒரு சீட்டா, ஒன்றரை சீட்டா? அந்த மூலையில் யாருமே உட்காருவதில்லை, அதனால் அது சீட்டே இல்லை என்பது என் மனைவியின் வாதம். யாரும் உட்காராததால்தான் அங்கே தூசி ஜாஸ்தி என்றார் போனில் பேசியவர். கீழ் வீட்டு மாமா, பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட் போட்டுப் போட்டே ஓய்வுபெற்றவர், சதுர அடிக் கணக்குக்கு மாறிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது என்றார். அவரைக் கேட்காமல் எங்கள் கட்டடத்தில் ஒரு குழாய்கூட மாற்ற முடியாது.

முதலில் வந்தது வேகக் கட்சி. 45 நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள் என்பதே அவர்களுடைய விளம்பரம். இரண்டு இளைஞர்கள். வாசலில் ஷூவைக் கழற்றியதிலிருந்தே ஓட்டம்தான். ஒருவன் ஸ்ப்ரே அடித்துக்கொண்டே போக, இன்னொருவன் டிரில்லிங் மெஷினில் பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு துரத்த, சோபா முழுக்க நுரை. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வேலைன்னா இப்படிக் கண்ணுக்குத் தெரியணும்" என்றாள்.

அப்பாவின் பிரதான சாம்பார் கறை மேல் ஸ்ப்ரே பட்டதும்தான் அந்த அதிசயம் நடந்தது. மஞ்சளாக இருந்த இடம் எங்கள் கண்ணெதிரே சிவப்பானது.

மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைக்கிற எந்த வீட்டுக்கும் தெரிந்த ரசாயனம்தான் இது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். அழுக்கு எடுக்கும் ஷாம்பூக்களில் பல காரத்தன்மை உள்ளவை. சாம்பார் மஞ்சளைக் கொடுத்தது, சுண்ணாம்பின் வேலையை ஸ்ப்ரே பார்த்துக்கொண்டது. "சோபாவுக்கே ஆரத்தி எடுத்துட்டானுங்க" என்றாள் அம்மா. பையன்கள் பயந்துபோய் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் ஸ்ப்ரே அடித்தார்கள். ஆரத்தி மேலும் மங்களகரமானது.

சொன்னபடி 45 நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள். சோபா பளபளவென்று இருந்தது. ஈரமாக இருந்தால் எதுவும் பளபளக்கும். காய்ந்த பிறகுதான், என்றைக்கோ சிந்தி நாங்களே மறந்துபோன காபி வட்டங்களெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்து ஆஜர் சொல்லின. மேல் துணியை மட்டும் தேய்த்தால், உள்ளே ஸ்பாஞ்சில் இறங்கிய டிகாக்ஷன் அங்கேயேதான் இருக்கும். காயும்போது உள்ளேயிருக்கும் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறிவரும். வரும்போது கறையையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வரும். அலசாமல் விட்ட ஷாம்பூவின் பிசுக்கு வேறு, புதிய தூசியை வா வா என்று பிடித்து உட்கார வைக்கும். அடுத்த மாதமே சோபா முன்னைவிடக் கறுத்துப்போனது.

இதற்கிடையில் மாமா, "பேசாம லெதர் சோபா வாங்கியிருக்கலாம். பக்கத்துலயே சர்தார் படேல் ரோட்ல 1948லேர்ந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஒரு சந்தேகம்னா போய்க் கேட்டுக்கலாம்" என்றார். மத்திய அரசு விஞ்ஞானிகள் எங்கள் வீட்டுச் சாம்பாருக்காகக் காத்திருப்பதாக அவர் நினைப்பு. அப்பா ஒரே வாக்கியத்தில் அந்தத் திட்டத்தை மூடினார்: "மே மாசம் அதுல உக்காந்து எழுந்தா நம்ம தோலும் சேர்ந்து வரும்."

அடுத்து வந்தவர் நாற்பது வயதுக்காரர். தனியாக, மொபெட்டின் முன்னால் மெஷினை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. வாக்யூமை எடுத்து மெத்தைகளின் இடுக்கு, கைப்பிடியின் மடிப்பு, முதுகுப் பக்கம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். அம்மா ஜாடையாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். "எப்பப்பா கழுவுவ?" "சோபா அழுக்குல முக்கால்வாசி காஞ்ச தூசிதாம்மா. அதை எடுக்காம தண்ணி விட்டா சேறாயிடும்." இடுக்கிலிருந்து இரண்டு பேனா, ஒரு தோடு, பையன் தொலைத்ததாகச் சத்தியம் செய்த ஜியாமெட்ரி பாக்ஸின் பாதி ஆகியவையும் வெளிவந்தன. தோடு கிடைத்ததும் அம்மாவின் குரலில் கொஞ்சம் மரியாதை ஏறியது.

பிறகு துணியைத் தடவிப் பார்த்து, "இது என்ன துணிங்க சார்?" என்றார். கம்பெனி சோபாக்களில் மெத்தைக்கு அடியில் ஒரு லேபிள் தைத்திருப்பார்களாம். டபிள்யூ என்றிருந்தால் தண்ணீரில் சுத்தம் செய்யலாம், எஸ் என்றால் சால்வென்ட் மட்டும், எக்ஸ் என்றால் வாக்யூமோடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் சோபாத் துணி எழும்பூர் பாந்தியன் சாலையில், காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்வார்களே, அங்கே எடுத்தது. மீட்டருக்கு எவ்வளவு குறைத்துப் பேசினாள் என்பது என் மனைவிக்கு இன்றும் பைசா சுத்தமாக ஞாபகம் இருக்கிறது. அது பருத்தியா பாலியெஸ்டரா என்பதுதான் யாருக்கும் தெரியாது. கலப்பு பாலியெஸ்டர் என்றால் சீக்கிரமே முடித்துவிடலாம், பெரிய தவறில்லை என்றார். பருத்தி ஈரம் அதிகமாகி மெதுவாகக் காய்ந்தால் பழுப்பேறிவிடும். சோபாவின் பின்பக்கம், சுவரைப் பார்த்த இடத்தில், ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். ஆரத்தியைக் காட்டினோம். அது தன் கையில் முழுசாக இல்லை, மிச்சத்துக்கு வெயில்தான் மருந்து, காய்ந்ததும் அந்த மெத்தையை மொட்டை மாடியில் வையுங்கள் என்றார்.

அதற்கப்புறம் சோபா முழுக்க மருந்தை அடித்தார். அடித்துவிட்டு, தரையில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அசாத்திய மௌனம். காசு வாங்கிக்கொண்டு வந்த ஆள், நம் வீட்டில், நம் ஃபேன் காற்றில், நம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டிவியைப் பார்த்தார். அம்மாதான் பொறுக்க மாட்டாமல், "என்னப்பா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

"ஊறுதும்மா."

"நீ பாட்டுக்கு ஒரு ஓரமாத் தேய்ச்சுக்கிட்டே இரேன், அது பாட்டுக்கு ஊறட்டும்."

"இப்பத் தேய்ச்சா துணிதாம்மா தேயும். பத்துப் பதினைஞ்சு நிமிஷம் விட்டா அழுக்கு தானா விடும்."

அம்மா சமையலறைக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். இதை விருந்தோம்பல் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கிறவனைத்தான் பார்க்க முடியாது. காபி குடிக்க உட்கார்ந்திருக்கிறான் என்றால் மனசு தேறிவிடும்.

இந்தத் தொழிலின் வேகத்தில் பாதியைக் கண்டுபிடித்தது எங்கள் அம்மா மாதிரி வாடிக்கையாளர்கள்தான் என்று எனக்குப் படுகிறது. சீக்கிரம் முடித்தால் "அரை மணி நேரத்துக்கு இவ்வளவு காசா?" என்று கேட்போம். உட்கார்ந்தால் ஏமாற்றுகிறான் என்போம். இரண்டுக்கும் தப்ப வேண்டுமானால் அந்தப் பையன்களைப் போல 45 நிமிஷமும் வியர்க்க வியர்க்கத் தேய்த்துக் காட்ட வேண்டும். அவர்களுக்கும் அடுத்த வேலை போரூரிலோ மேடவாக்கத்திலோ காத்திருக்கும். ஊற வைக்கிற நேரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் சம்பளம் போடுவதில்லை.

சுத்தம் என்பதே ஆதியிலிருந்து ஒரு காட்சிதான் போலிருக்கிறது. ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் ஒரு மெஷினை லண்டனில் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று தோன்றியது. ஒரு சாப்பாட்டுக் கடையில் நாற்காலி மெத்தை மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சி, இருமித் தள்ளினார். கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது. 1901இல் வாக்யூம் கிளீனருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய மெஷின் குதிரை வண்டியில் தெருவில் நிற்கும், ஜன்னல் வழியாகக் குழாய்கள் உள்ளே போகும். மறு வருஷம் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபே கம்பளங்களையே அது சுத்தம் செய்தது. தூசி ஓடுவது தெரியட்டும் என்று கண்ணாடிபோலத் தெரியும் குழாய்களும் வைத்தாராம். மனுஷனுக்கு எங்கள் அம்மாவைத் தெரிந்திருக்கிறது.

எங்களுக்குக் கண்ணாடிக் குழாய்க்குப் பதில் பக்கெட். ஊறி முடிந்ததும் மெதுவாகப் பிரஷ் போட்டு, வெந்நீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி மெஷினால் உறிஞ்சினார். டேங்கிலிருந்து வந்த தண்ணீர் கூவத்தைத் தலைகுனிய வைத்தது. "இதுலயா இத்தனை நாள் உக்காந்திருந்தோம்!" என்று அம்மா கூவ, மனைவி அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். உடனே மயிலாப்பூர் சித்தியிடமிருந்து எங்கள் பக்கெட்டைவிடக் கறுப்பான ஒரு பக்கெட் வந்து சேர்ந்தது. தண்ணீர் தெளிந்து வரும்வரை அவர் அலசினார். அலசுவதைவிட, தண்ணீர் விடாமல் வெறுமனே உறிஞ்சியது அதிக நேரம்.

காய்வதில் மட்டும் எவருடைய அவசரமும் செல்லாது என்று கோட்டூர்புரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவில், அடையாறு எங்கள் பக்கத்துத் தரைத்தளங்களுக்குள் வந்து எல்லா சோபாவையும் நனைத்துவிட்டுப் போனது. ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் சோபாவைப் பற்றிக் கவலைப்படும் நிலையிலேயே யாரும் இல்லை. தண்ணீர் வடிந்ததும் தெருவெங்கும் மெத்தையும் சோபாவும் மலைபோலக் குவிந்தன. வெயிலில் வைத்துப் பார்த்தவர்களும் நாற்றம் தாங்காமல் பிறகு குவியலில் சேர்த்தார்கள். ஸ்பாஞ்ச் ஒரு நொடியில் வாங்கிக்கொண்டதை லேசில் திருப்பித் தராது.

"மறுநாள் வரைக்கும் யாரும் உக்காராதீங்க, ரெண்டு ஃபேனும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மொபெட்டைக் கிளப்பினார். அன்றைக்குப் பார்த்துத்தான் பெரியப்பா பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். உட்காராதீர்கள் என்று எந்த உறவுக்காரரிடமும் சொல்ல முடியாது. சொல்வதற்குள் உட்கார்ந்தும் விட்டார். வேட்டியின் பின்பக்கம் நனைந்ததை அவரும் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. பத்திரிகையை மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

ராத்திரி மனைவியின் போனில் மதிப்பெண் கேட்டு ஒரு படிவம் வந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தாரா? சீருடையில் இருந்தாரா? குறித்த நேரத்துக்குள் முடித்தாரா? சோபா சுத்தமாச்சா என்று ஒரு கேள்வி இல்லை. நாங்கள் கடைசி வரை உருட்டிப் பார்த்தோம்.

"உக்காந்ததுக்கு ஒரு ஸ்டார் குறைச்சுக்கோ" என்றாள் அம்மா.

"நாலு போட்டா அவருக்கு வேலை கொடுக்க மாட்டாங்க அத்தை."

அம்மா யோசித்தாள். தோடு அப்போது அவள் காதில் இருந்தது. "சரி, அஞ்சே போடு. கீழ எழுதற இடம் இருக்கில்ல, அதுல காபி நல்லாருந்துதுன்னு அவனே சொன்னான்னு எழுது."