பெடல்போர்டு இரைச்சலியல்: லேக் கார்டன்ஸ் களத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1. நுதலிய பொருள்

எழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று பிறப்பியலில் வகுத்துச் சொன்ன தொல்காப்பியர், கிடார் பெடல்போர்டில் ‘ம்ம்ம்ம்’ எங்கே பிறக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டார். உரையாசிரியர்களும் அந்தப் பக்கம் போகவில்லை. கம்பியில் விரல் படாமலே ஆம்ப்பிலிருந்து எழும் இவ்வொலி நெஞ்சிலும் மிடற்றிலும் பிறப்பதன்று. பெரும்பாலும் ஒன்பது வோல்ட் அடாப்டரில் பிறப்பது. அதன் இயல்பு, வகை, மருந்து ஆகிய மூன்றையும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களம்

தென்கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் களமாகக் கொள்ளப்பட்டது. வடக்கே ரவீந்திர சரோபர் ஏரி. ஏரிக்கும் குடியிருப்புக்கும் நடுவே பட்ஜ்பட்ஜ் ரயில் பாதை. பாதையின் தலைக்கு மேல் 25,000 வோல்ட். தெற்கே நாக்தலா. அங்கே 1970-களில் ‘மொஹீனேர் கோராகுலி’ இசைக்குழு உருவானது. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் நெடுங்காலமாகத் தமிழ்க் குடும்பங்கள். ஆக மின்சாரம், கிடார், சுருதி ஞானம் மூன்றும் ஒருங்கே வாய்த்த நிலம் இது. ஆய்வுப் பொருள்: வாடகை அறை ஒன்று, தமிழ் இளைஞர் ஒருவர், பெடல்கள் ஐந்து, அவை அனைத்துக்கும் சேர்த்து அடாப்டர் ஒன்று.

3. ஒலியின் இயல்பு

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. அடாப்டர் அதை ஒரே திசைக்கு மடித்துவிடும்போது 100 மேடுகள் உண்டாகின்றன. அவற்றைச் சரியாகச் சமன் செய்யாவிட்டால் எஞ்சுவது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். மேற்கத்தியக் கணக்கில் ‘ஜி’ 98 ஹெர்ட்ஸ், ‘ஜி ஷார்ப்’ 103.8. கர்நாடக இசைக் கணக்கில் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே, கீழ் ஸ்தாயியில். லேக் மார்க்கெட்டிலிருந்து வந்த பாட்டு மாமி ஒருவர் வாசலிலேயே நின்று, “ஏண்டா, சுருதிப் பெட்டிய அணைக்காமலே வந்துட்டியா? அஞ்சும் இல்லாம அஞ்சரையும் இல்லாம இழுத்துண்டிருக்கே!” என்றது கருவியின்றிச் செய்த துல்லியமான அளவீடு. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தால் இதே இரைச்சல் ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை ஏறிவிடும்.

வரலாற்றுக் குறிப்பு: 1899-இல் கல்கத்தாவுக்கு முதன்முதலில் வந்த பொது மின்சாரம் அலையாத டி.சி. ஆகவே அக்காலத்தில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இல்லை. பெடலும் இல்லை என்பதை எதிர்வாதமாகக் கொள்ள வேண்டாம்.

4. பிறர் மதமும் மறுப்பும்

ரயிலே காரணம் என்பது வீட்டுக்கார மாஷிமாவின் மதம். அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரி போட்டதும் ஒலி அடங்கியது. ரயிலோ பேட்டரியைக் கண்டு நிற்கவில்லை. ஆகலின் ரயில் குற்றமற்றது என்க. கேபிளே காரணம் என்பது சாந்தினி மார்க்கெட் கடைக்காரர் மதம். கேபிள் விற்பவரும் அவரே ஆகலின் அதுவும் தள்ளப்பட்டது. ‘பிளக்கில் அந்த மூன்றாவது பின்னை உடைத்துவிடு’ என்பது நண்பர் மதம். அது ஆறாம் பகுதியில் தனியே கண்டிக்கப்படும்.

5. திணைப் பாகுபாடு

அகத்திணை ஏழு, பெடல்போர்டுக்கும் ஏழு.

கைக்கிளை: ஒருதலைக் காமம். கிடாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பானது டியூப்லைட் சோக்கு, மின்விசிறி ரெகுலேட்டர் என்று எதைக் கண்டாலும் மயங்கும். அவை இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கிடார் வால்யூமைச் சுழியாக்கினால் ஒலி நிற்கிறதா? இத்திணையே. இதற்கு மாற்றாகச் சேத் லவர் 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் எதிரெதிராக வேலை செய்யும் இரு சுருள்களைக் கொண்ட ஹம்பக்கரை உருவாக்கினார்.

குறிஞ்சி: புணர்தல். ஒரே அடாப்டரிலிருந்து டெய்சி செயின் வழியே எல்லாப் பெடலும் கூடிக் களித்தல். ஓவர்டிரைவ் பெடலுக்குப் பத்து மில்லி ஆம்பியர் போதும். சில டிஜிட்டல் ரிவெர்ப்கள் 300 கேட்கும். அடாப்டர் திணறும்போது ரீங்காரம் எழும். டிஸ்டார்ஷன் அதைப் பல மடங்காக்கும்.

பாலை: பிரிதல். பழைய அடாப்டரில் கண்டென்சரின் உள்ளீரம் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்துபோதல். 100 மேடுகளும் சமனாகாமல் அப்படியே வெளியே வரும்.

முல்லை: இருத்தல். ஒன்பது வோல்ட் பேட்டரி. சத்தமே போடாமல் காத்திருக்கும். கச்சேரியின் நடுவே உயிர்விடும்.

மருதம்: ஊடல். பவர் சப்ளை ஒரு சுவரிலும் ஆம்ப் மறு சுவரிலும் செருகப்பட்டு, மண்ணுக்குப் போக இரு வழிகள் உண்டாதல். அதுவே கிரவுண்ட் லூப். தலைவன் இரு வீடு வைத்துக்கொண்டால் புலம்பல் ஓயுமோ? இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் ஊடல் பெரும்பாலும் தீரும்.

நெய்தல்: இரங்கல். ‘ம்ம்ம்’ அன்று, ‘கீஈஈ’. டிஜிட்டல் பெடலின் உட்கடிகாரத்திலிருந்தோ மட்டமான போன் சார்ஜரிலிருந்தோ வரும். டிஜிட்டலுக்குத் தனி அடாப்டர் கொடுத்தால் ஓயும்.

பெருந்திணை: பொருந்தாக் காமம். பழைய ஜெர்மானியம் ஃபஸ் பெடல் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே கிரவுண்ட். அதை மற்றவற்றோடு ஒரே செயினில் கோத்தால் அடாப்டர் ஷார்ட் ஆகும். இங்கே இரைச்சலுக்கும் வழியில்லை.

மேற்படி அறையில் கண்டது குறிஞ்சியும் நெய்தலும் மயங்கிய திணைமயக்கம். டிஜிட்டல் டிலே பெடலின் ஒயரை மட்டும் செயினிலிருந்து உருவியதும் ‘கீ’ போயிற்று. மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பேட்டரி மாற்றியதும் ‘ம்’ போயிற்று. ஒவ்வொரு வாயிலுக்கும் தனிச் சுருளும் தனிக் கிரவுண்டும் உள்ள ஐசொலேட்டட் பவர் சப்ளை ஒன்றே இரண்டுக்கும் மருந்து. விலை ஒரு நல்ல பெடலின் விலை. அதனால்தான் எல்லோரும் இதைக் கடைசியில் வாங்குகிறார்கள்.

6. விலக்கு

எர்த் பின்னை உடைத்தால் சிலவேளை ஹம் நிற்கும் என்பது உண்மை. கூடவே ஆளும் நிற்கக்கூடும். 1972 மே 3 அன்று சுவான்சீ நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். உள்ளே எர்த் ஒயர் இருக்காது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துக்கொள்க.

7. முடிபு

வால்யூமைச் சுழியாக்கிப் பார். பேட்டரி போட்டுப் பார். பிறகு பர்ஸைத் திற. வரிசை இதுவே. ஆறாவது பெடலுக்கு ஆசைப்படும் அன்பர், அந்தப் பணத்தில் ஐந்து பெடலுக்கும் தனித்தனி வாயில் உள்ள பவர் சப்ளையை வாங்குக. எர்த் பின்னில் மட்டும் ஒருபோதும் கை வைக்கற்க.